அரசாங்கப் பணம் யாருடைய பணம்?

இலஞ்சம், ஊழல் பற்றிய பேச்சு எழும்போது, "அரசாங்கக் காசுதானே, நமக்கென்ன நட்டம்? நாங்கள் வரி கட்டுகிறவர்களா?" என்று கேட்போர் நமது கிராமங்களில் உளர். இது தவறான எண்ணமாகும். வருமான வரி செலுத்தாத கூலித் தொழிலாளியும் கடையில் சவர்க்காரம் வாங்கும்போது வரி செலுத்துகிறார். அது விலைக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இலங்கை அரசின் வரி வருமானத்தில் பெரும்பகுதி இவ்வாறான மறைமுக வரிகளாலேயே கிடைக்கின்றது. எனவே திறைசேரியிலிருந்து களவு போவது நமது பணமே.

சீனி தரும் பாடம்

2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, இறக்குமதிச் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. ஒரு வர்த்தமானி அறிவித்தல் மூலம் கிலோவுக்கு 49 ரூபா 75 சதத்தை அரசு விட்டுக்கொடுத்தது. அது மக்களுக்குக் கிடைத்திருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம். ஆனால் கடைகளில் விலை அந்த அளவுக்குக் குறையவில்லை. சலுகையின் பெரும் பங்கு இறக்குமதியாளரிடமே தங்கியது. அரசு இழந்த வருமானம் சுமார் 1,600 கோடி ரூபா என்பது பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் முன் வெளிவந்த கணக்காகும். மக்கள் இதனைச் 'சீனி வரி மோசடி' என்றே அழைத்தனர்.

இதில் நமக்கு இரட்டை நட்டம். தேநீருக்கான சீனியும் மலியவில்லை. வைத்தியசாலை மருந்துக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் உதவியிருக்கக்கூடிய பணமும் போயிற்று.

ஓட்டைப் பானை

வருமானம் குறைந்தால் அரசு என்ன செய்யும்? கடன் வாங்கும், பணத்தை அச்சடிக்கும், அல்லது மீண்டும் வரியைக் கூட்டும். மூன்றும் ஈற்றில் நமது தலையிலேயே விழும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில், ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு ஏறக்குறைய 170 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வீழ்ச்சிக்கு ஊழல் மட்டுமே காரணம் அன்று. 2019 இறுதியில் செய்யப்பட்ட வரிக் குறைப்பு, கொவிட் நோய், திடீர் இரசாயனப் பசளைத் தடை ஆகியனவும் காரணங்களாகும். ஆயினும் ஓட்டைப் பானையில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது.

நமது வீதியில்

சிறிய ஊழலும் இவ்வாறே வேலை செய்கிறது. ஒரு கிராமத்து வீதிக்குப் 10 இலட்சம் ரூபா ஒதுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் பெற ஓர் இலட்சம், வேலையைச் சரியென்று கையெழுத்திட ஓர் இலட்சம் கைமாறுகின்றன. ஒப்பந்தக்காரர் இதனைத் தமது இலாபத்திலிருந்து கொடுப்பாரா? சீமெந்திலும் கல்லிலும் குறைப்பார். அடுத்த மாரியில் வீதி உடையும். அவ்வீதியால் மரக்கறி ஏற்றிச் செல்லும் விவசாயியும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் தாயும் அந்த இலஞ்சத்தின் விலையைக் கொடுக்கின்றனர்.

நாம் செய்யக்கூடியவை

1. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விபரம் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. நமது சங்கக் கூட்டத்தில் தீர்மானித்து, வீதியின் மதிப்பீடு, ஒப்பந்தக்காரர், கொடுக்கப்பட்ட தொகை ஆகியவற்றைக் கேட்போம்.

2. இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிப்போம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் முறைப்பாட்டாளருக்குப் பாதுகாப்பும் வழங்குகிறது.

3. இலஞ்சம் கொடுப்பதும் குற்றமே. "வேலை கெதியாக முடியட்டும்" என்று நாம் நீட்டும் 1,000 ரூபா, அதைக் கொடுக்க முடியாத ஏழையை வரிசையின் பின்னால் தள்ளுகிறது என்பதை மறவாதிருப்போம்.

4. நமது சங்கங்களின் கணக்குகளை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிப்போம். நம் வீட்டுக் கணக்கைக் காட்டத் தயங்கும் நாம் நாட்டின் கணக்கை எப்படிக் கேட்பது?

அரசாங்கப் பணம் என்பது நாம் சதம் சதமாகச் சேர்த்துப் பிறர் கையில் ஒப்படைத்த பணம். ஒப்படைத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையுண்டு, அது கடமையுமாகும்.