சாணத்தை ஏன் மட்கவைக்க வேண்டும்?

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் எருவுக்கு எங்கே போவது? மாட்டுச் சாணம் உண்டு. பழத்தை உதிர்த்தபின் செம்பனை ஆலை கழிக்கும் வெறுங்குலையும் உண்டு.

சாணத்தை ஏன் அப்படியே இடக்கூடாது? பச்சைச் சாணத்தின் அமோனியா இளவேரைக் கருக்கும். அதில் களைவிதையும் கிருமியும் இருக்கும்.

எப்படி மட்கும்? வெறுங்குலை நாரில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அந்தக் குறையைச் சாணம் ஈடுகட்டும். இரண்டையும் கலந்து மார்பளவு குவித்து ஈரமாக வைத்தால், நுண்ணுயிர்கள் தின்று பெருகும்போது குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். களைவிதையும் கிருமியும் பெரும்பாலும் அதில் மடியும். புரட்டிவிட்டால் ஓரத்தில் கிடந்ததும் உள்ளே போய் வேகும், காற்றும் புகும்.

மழைக்கு மூடிவைக்க வேண்டும். இல்லையேல் சாம்பல்சத்து கரைந்தோடும். சூடு தணிந்து, நாற்றம் போய், கையில் உதிர்ந்தால் கத்தரிக்கும் வெண்டைக்கும் இடலாம்.