மண்ணீரலை எடுக்கச் சொன்னால்...



பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கால்களில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்கிறது. மூக்கில் இரத்தம் வந்தால் நிற்க மாட்டேன் என்கிறது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் முதலில் டெங்கியா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் இல்லாமலும் இப்படி வரலாம். மந்திரித்துப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாமல் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள்.

இரத்தம் உறைவதற்குத் தட்டணுக்கள் வேண்டும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை 150,000 முதல் 450,000 வரை இருக்கும். சில பிள்ளைகளின் உடம்பு தன் சொந்தத் தட்டணுக்களையே எதிரி என்று நினைத்து அடையாளம் போட்டுவிடுகிறது. அடையாளம் பட்டவற்றைப் பிடித்து அழிக்கும் இடம் மண்ணீரல். இது இடது விலாவுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளின் வயிற்றில் தடவிப் பார்த்து மலேரியாவைக் கணக்கெடுத்தாரே, அதே உறுப்புதான்.

பயப்பட வேண்டாம். இந்த நோய் கண்ட 10 பிள்ளைகளில் 7, 8 பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஒரு வருடம் தாண்டியும் நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்பார்கள். அப்போதும் முதலில் மருந்துதான். மருந்துக்கு மசியாமல் இரத்தப்போக்கு தொடர்ந்தால் மண்ணீரலை எடுப்பது பற்றிப் பேசுவார்கள். ஐந்து வயதுக்கு முன் பெரும்பாலும் எடுப்பதில்லை.

இது புது வைத்தியமல்ல. 1916-இல் பிராக் நகரில், பால் காஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர் யோசனை சொல்ல, ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகச் செய்தார்கள். இன்று சிறு துளைகள் போட்டே எடுத்துவிடலாம். 10 பிள்ளைகளில் ஏறக்குறைய 7 பேருக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

ஆனால் மண்ணீரல் சும்மா இருக்கும் உறுப்பல்ல. இரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டும் காவல்காரன் அது. காவல்காரன் போன வீட்டுக்கு வேறு காவல் வேண்டும். ஆகவே:

1. ஆபரேஷனுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது தடுப்பூசிகளைப் போட்டு முடிக்க வேண்டும். அரசாங்கத்தின் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் நிமோகோக்கஸ் ஊசி சேர்ந்தது 2020-இல்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளையா? கார்டை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

2. பெனிசிலின் மருந்தை டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை கொடுங்கள்.

3. காய்ச்சல் கண்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. போனதும் “மண்ணீரல் எடுத்த பிள்ளை” என்று முதலில் சொல்லுங்கள். பினாங்குப் பொது மருத்துவமனையானாலும் சரி, பக்கத்துக் கிளினிக்கானாலும் சரி, அந்த ஒரு சொல் வரிசையில் காத்திருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த மூன்றாவதுதான் உயிர்க் காவல். காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தெரிவது சாயங்காலத்துக்குள் உயிரைக் குடித்துவிடலாம். “வெட்டு முடித்துப் பால் நிறுத்துவிட்டுப் போகலாம்” என்று இருந்துவிடாதீர்கள். ஒரு நாள் பேர் போனால் போகட்டும், அடுத்த மாதம் சம்பாதித்துக்கொள்ளலாம்.