மூன்று புலி முதலில்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பேக்கரி. கோயம்புத்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது பக்கத்து மேசையில் இரண்டு பையன்கள் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். சின்னவன் அவன் தம்பி. போனில் ஓடியது பிஜிஎம்ஐ என்கிற பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. தம்பிக்கு அன்றுதான் முதல் ஆட்டம்.

"அண்ணா, எங்க போறதுன்னே தெரியல."

"நீ எங்கயும் போக வேண்டாம். என் பின்னாடியே ஓடி வா. சுடவும் வேண்டாம்."

முதல் ஆட்டம் முழுக்க அவன் ஓடினான், அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் அண்ணன் ஒரு வேலை கொடுத்தான்: "காலடிச் சத்தம் கேட்டா எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு." அதற்கடுத்த ஆட்டத்தில் மருந்துப் பெட்டி பொறுக்குகிற வேலையும் சேர்ந்துகொண்டது. துப்பாக்கியைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. நான் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்த ஆட்டத்தை ஆடிப் பார்க்காதவர்களுக்குச் சில வார்த்தைகள். நூறு பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிறார்கள். எராங்கல் என்ற பெரிய வரைபடத்தில் நிலம் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். வீடு வீடாகப் புகுந்து ஆயுதம் தேட வேண்டும். அதற்குப் பெயர் லூட். ஆடுகளத்தைச் சுற்றி ஒரு நீல வளையம் சுருங்கிக்கொண்டே வரும், அது சோன். வெளியே மாட்டினால் உயிர் கரையும். துப்பாக்கிக்கேற்ற தோட்டா, தோட்டாவுக்கேற்ற தூரம், தலைக்கவசத்தில் மூன்று நிலை. உள்ளங்கை அளவு திரையில் இருபது பொத்தானாவது இருக்கும். கடைசியாக மிஞ்சுகிற அணிக்கு வெற்றி. இத்தனையும் முப்பது நிமிடத்துக்குள். முதல் நாள் ஆடுகிறவனுக்கு இது திருவிழாக் கூட்டத்தில் அம்மா கையை விட்ட பிள்ளையின் நிலைமை.

ஏன் அப்படித் திகைக்கிறோம்? அறிவு குறைவு என்பதால் இல்லை. மனத்தின் மேசை சிறியது என்பதால். ஒரு நேரத்தில் கவனத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் ஏழு, இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று 1956-இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் ஆய்வுகளை மறுபடி அலசிப் பார்த்து, உண்மையில் அது நான்கை ஒட்டித்தான் இருக்கும் என்றார். நான்கு! வரைபடம், சோன், தோட்டா, காலடிச் சத்தம். மேசை நிரம்பிவிட்டது. ஐந்தாவதாக ஒன்றை வைத்தால் ஏற்கெனவே இருந்ததில் ஒன்று கீழே விழும்.

அப்படியானால் பழகியவன் எப்படிச் சமாளிக்கிறான்? அவன் மேசையும் அதே அளவுதான். ஆனால் அவன் சில்லறையாக வைப்பதில்லை, கட்டுக்கட்டாக வைக்கிறான். 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்கத்தில் இதைக் காட்டினார்கள். நடு ஆட்டத்தில் இருக்கும் ஒரு பலகையை ஐந்தே விநாடி காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பதினாறு காய்கள் வரை சரியாக வைத்தார். புதியவர் நான்கைத் தாண்டவில்லை. பிறகு காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் இறைத்து வைத்துக் காட்டினார்கள். அப்போது தேர்ந்தவரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டார்கள். அவர் நினைவாற்றலில் மாயம் எதுவும் இல்லை. பதினாறு காய்களை அவர் நான்கைந்து பழகிய முகங்களாகப் பார்த்திருந்தார்.

மூணாற்றில் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நமக்குத் தேயிலைச் செடி ஒரு பச்சைப் போர்வை. அவர்கள் கண்ணுக்கு இலை தெரிவதில்லை. கிள்ள வேண்டிய 'ரெண்டு இலை ஒரு கொழுந்து' மட்டும் மேலெழுந்து நிற்கிறது. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். கேள்வியே அவர்களுக்குப் புரியாது.

அந்தச் சிரிப்பில்தான் கற்றுக்கொடுப்பதன் பெரிய சிக்கல் இருக்கிறது. நன்றாகத் தெரிந்தவருக்கு, தெரியாமல் இருந்த காலம் மறந்துவிடுகிறது. 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுகிறவர் தலைக்குள் முழுக் கச்சேரி ஓடுகிறது. கேட்பவர் காதில் விழுவது வெறும் டொக் டொக். "டேய், சோன் வருது, அந்தக் காம்பவுண்டுல ஸ்க்வாட் இருக்கு, ஸ்மோக் போட்டு ரிவைவ் பண்ணு" என்று அணியில் கத்துகிறவனும் இப்படித்தான் மேசை தட்டிக்கொண்டிருக்கிறான். புதியவனுக்குக் கேட்பது டொக் டொக்.

கேரள எல்லைப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமை சேர்கிறது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். ஆட்டத்தின் திரையில் ஆங்கிலம். அணியில் வந்து சேரும் முகம் தெரியாதவர் பேசுவதோ இந்தி. நான்கு பொருளுக்கு மட்டும் இடமுள்ள மேசையில் ஒரு மூலையை மொழிபெயர்ப்பே பிடித்துக்கொள்கிறது. கற்பதற்கான உழைப்பு போக, கற்பிக்கும் முறையே ஏற்றிவைக்கும் வீண் பாரம் ஒன்று உண்டு என்று ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவர் வழி வந்தவர்களும் எழுதியது இதைத்தான்.

மலை ஏறினால் மூன்றாவது தொல்லை: பிங். நம் விரல் அசைவு சர்வருக்குப் போய்ப் பதில் வர ஆகும் நேரம் அது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். மும்பையில் ஒரு சர்வர் இருப்பதாக வைத்துக்கொண்டால், மூணாற்றிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். போய்வர இயற்பியல் கேட்கும் நேரம் 11 மில்லிவிநாடிதான். மலைமடிப்பில் ஒதுங்கிய தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு எட்டியும் எட்டாமலும் வரும் அலைவரிசையும், ஒரே டவரில் முண்டியடிக்கும் போன்களும் அதைப் பல மடங்காக்கிவிடும். ஆட்டம் தெரிந்தவனுக்கு இது வெறும் எரிச்சல். கற்பவனுக்குப் பெரிய நஷ்டம். மூளை, செயலையும் அதன் விளைவையும் உடனுக்குடன் முடிச்சுப் போட்டுத்தான் கற்கிறது. விளைவு தாமதமானால் முடிச்சு தவறான இடத்தில் விழும். நெட் செய்த தப்பைத் தன் கை செய்ததாக அவன் எடுத்துக்கொள்வான்.

சரி, ஆட்டத்தைச் செய்தவர்களே பாடம் வைப்பதில்லையா? வைக்கிறார்கள். அந்தப் பாடங்கள் எவ்வளவு பயன்படுகின்றன என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று ஆட்டங்களில் 45,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். எளிய இரண்டு ஆட்டங்களில் பாடம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மக்கள் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார்கள். மூன்றாவதும் சிக்கலானதுமான ஃபோல்டிட்டில் பாடம் இருந்தவர்கள் 29 விழுக்காடு வரை கூடுதல் நேரம் ஆடினார்கள். ஃபோல்டிட் சாதாரண ஆட்டமும் அல்ல. புரதம் எப்படி மடிகிறது என்பதைப் பலர் சேர்ந்து புதிராக அவிழ்ப்பது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் உயிர்வேதியியல் படிக்காதவர்கள். குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி வடிவம் பத்தாண்டுக்கு மேல் விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. அதை இவர்கள் சில வாரங்களில் கண்டுபிடித்தார்கள். 2011-இல் அந்த ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. புதியவருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சமமானவர்களை ஜோடி சேர்க்கும் இன்னொரு ஏற்பாடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. சதுரங்கத்துக்கு அர்பத் எலோ வகுத்த புள்ளி முறையில், இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் வலியவர் நான்கில் மூன்று பங்கு வெற்றியை எடுத்துக்கொள்வார் என்று கணக்கு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் முறை ஒருவருக்கு இரண்டு எண்கள் வைத்துக்கொள்கிறது. ஒன்று, அவர் திறமை. மற்றது, அந்தக் கணிப்பில் கணினிக்கே உள்ள சந்தேகம். புதியவருக்குத் திறமை 25, சந்தேகம் எட்டே கால் சொச்சம். திறமையிலிருந்து சந்தேகத்தை மூன்று முறை கழித்தால் பூஜ்யம். 'உன்னை எனக்கு இன்னும் தெரியாது' என்று கணினி பணிவாக ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஆட ஆடச் சந்தேகம் சுருங்கும், சரியான ஜோடி அமையும். பிஜிஎம்ஐயில் புதியவரோடு மோதுபவர்களில் பலர் மனிதர்களே அல்ல, பாட் எனப்படும் கணினிப் பொம்மைகள். முதல் நாளே பத்துப் பேரைச் சுட்டேன் என்று தம்பி பெருமையடித்தால் நம்பிவிடாதீர்கள், அவன் சந்தோஷத்தைக் கெடுக்கவும் செய்யாதீர்கள். தோற்றாலும் வலிக்காத ஓர் இடம் கற்பவருக்கு வேண்டும்.

ஆனாலும் கணினியால் செய்ய முடியாத ஒன்றைப் பேக்கரியில் அந்த அண்ணன் செய்தான். 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 21 மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்க ஓர் ஆசிரியர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் அந்த உதவிக்கு வைத்த பெயர், நம் கொத்தனார் மொழியில் சாரம். சுவர் எழும்வரை சாரம் நிற்கும். சுவர் எழுந்தபின் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். விட்டுவைத்தால் வீட்டுக்குள் நுழைய முடியாது. பழகியவருக்கும் அதே உதவியைத் தொடர்ந்தால் அவர் ஆட்டம் கெடும் என்பதையும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

தையற்கடைகளில் இது பழைய சங்கதி. புதிதாக வருகிற பையனுக்குக் காஜா எடுக்கிற வேலை, பட்டன் தைக்கிற வேலை. கத்தரிக்கோல் கடைசியில்தான் கைக்கு வரும். காஜா கோணலானால் பிரித்துத் தைக்கலாம், துணியைத் தப்பாக வெட்டினால் போச்சு. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையல் பழகுபவர்களும் இதே வரிசையில்தான் தொழில் கற்கிறார்கள் என்று மானிடவியலாளர் ஜீன் லேவ் பதிவு செய்திருக்கிறார். மருந்துப் பெட்டி பொறுக்குவது அந்தத் தம்பிக்குக் காஜா. துப்பாக்கி அவனுக்குக் கத்தரிக்கோல்.

பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்று ஒரு மலையடிவாரக் கிராமம். சாராயத்திலும் சூதாட்டத்திலும் ஊர் மூழ்கிக் கிடந்த காலத்தில் சி. உண்ணிகிருஷ்ணன் என்பவர் தன் தேநீர்க் கடையில் வருவோர் போவோருக்கெல்லாம் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார். இன்று வீட்டுக்கு ஒருவராவது ஆடுகிற ஊர் என்று உலகப் பத்திரிகைகள் தேடி வருகின்றன. தேநீர்க் கடை நல்ல பள்ளிக்கூடம். ஆடாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம், பக்கத்தில் இருப்பவர் காதோடு ஒரு நகர்த்தல் சொல்வார், தோற்றால் ஒரு டீயோடு முடிந்துவிடும். ஐஸ்லாந்தில் பிறந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டம், நுழையவே முடியாத அளவுக்குச் சிக்கலானது என்று பெயர் வாங்கியது. 2004-இல் அதன் ஆட்டக்காரர்கள், புதியவர்களுக்குப் பாடம் எடுப்பதற்காகவே ஈவ் யுனிவர்சிட்டி என்று ஓர் அமைப்பை ஆட்டத்துக்குள் தொடங்கினார்கள். அதுவும் ஒரு தேநீர்க் கடைதான், நட்சத்திரங்களுக்கு நடுவே.

கேள்வி கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தடைசெய்யப்பட்டிருந்த பிஜிஎம்ஐ 2023-இல் திரும்பி வந்தபோது, 18 வயதுக்குக் கீழ் நாளுக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. உண்மையில் அதுவே அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தால் நேரமும் அடங்கும், வாயும் அடங்கும்.

எனக்கு ஆடு புலி ஆட்டம் கற்றுத் தந்தவர் அப்பத்தா. திண்ணையில் கரித்துண்டால் கட்டம் கீறி, பதினைந்து புளியங்கொட்டை ஆடுகளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மூன்று கூழாங்கல் புலிகளை என்னிடம் தள்ளுவார். "நீ புலியப் பாத்துக்கடா சாமி, ஆட்ட நான் பாத்துக்கறேன்" என்பார். சின்னப் பிள்ளைக்கு ஜெயிக்கிற பக்கத்தைக் கொடுக்கிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கோவனைப் படித்தபிறகு விளங்கியது. மூன்று புலி ஒரு பிள்ளையின் மேசையில் அடங்கும். பதினைந்து ஆடு அடங்காது. புலியின் தாவல் கண்ணுக்குப் பழகியபின் ஒருநாள் அவரே கொட்டைகளை என் பக்கம் நகர்த்தினார்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒருவர் புது ஆட்டத்தையோ, போனில் பணம் அனுப்புவதையோ, பஸ் டிக்கெட் எடுப்பதையோ சொல்லித்தரச் சொல்லிக் கேட்கக்கூடும். உங்களுக்குத் தெரிந்த அத்தனையும் வாய் நுனிக்கு வரும். மூன்றை மட்டும் சொல்லுங்கள். நான்காவதை அவரே கேட்கும்வரை பொறுத்திருங்கள்.