கானகக் குதிரை என்னும் பறவை

நிலத்தின் கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர் மரத்தையும் புள்ளையும் ஒரே நிரலில் வைத்தார். ஒன்றை விட்டு மற்றொன்று நில்லாது என்பதற்கு, ஸ்காட்லாந்து நாட்டுக் கேப்பர்கேலிப் பறவையின் வரலாறு தக்க சான்றாகும்.

கிரவுஸ் எனப்படும் வடபுலக் காட்டுக்கோழிகளுள் மிகப் பெரியது இது. சேவலின் எடை ஏறத்தாழ 4 கிலோ. பேட்டின் எடை அதிற் பாதியே. கேலிக் மொழியில் இதன் பெயர் 'கானகக் குதிரை' எனப் பொருள்படும் என்பர். இளவேனில் விடியலில் சேவல்கள் ஓரிடத்துக் கூடி, வாலை விசிறியென விரித்துப் பேடுகளைக் கவர ஆடும்.

குளிர்காலத்தில் பைன் மரத்தின் ஊசியிலைகளே இதன் உணவு. கோடையிலோ, மரங்களின் கீழ் வளர்ந்து, மிளகினும் சற்றுப் பெரிய கருநீலக் கனிதரும் பில்பெர்ரி என்னும் குறுஞ்செடியே இதனைப் புரக்கின்றது. குஞ்சுகள் முதற்சில வாரங்கள் அச்செடியில் வாழும் புழுபூச்சிகளை உண்டே வளர்கின்றன. பகைக்கு அஞ்சி ஒளிவதும் அதன் அடியிலேதான். எனவே, உயர்ந்த மரங்கள் மட்டும் இருந்தாற் போதாது. கதிரொளி தரையைத் தொடும் இடைவெளியுள்ள காடும் வேண்டும். மிக நெருக்கமாக நட்ட தோப்பின் இருளில் பில்பெர்ரி தழைப்பதில்லை.

காடழிப்பாலும் வேட்டையாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பறவை ஸ்காட்லாந்தில் அற்றுப்போயிற்று. 1837இல் ஸ்வீடனிலிருந்து கொணர்ந்து பெர்த்ஷயர்ப் பகுதியில் மீண்டும் விட்டனர். அது பெருகி, 1970களில் ஏறத்தாழ 20,000 ஆயிற்று. ஆனால் 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவை ஏறத்தாழ 540 மட்டுமே. ஸ்காண்டிநேவியாவிலும் ரஷ்யாவிலும் இன்றும் மிகுதியாக வாழும் பறவை இங்கு தேய்ந்தது ஏன்?

காடுகள் துண்டுபட்டன. மழை மிகுந்த கோடைகளில் குஞ்சுகள் மடிந்தன. மனித நடமாட்டம் கூடுகளைக் கலைத்தது. மான்கள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்தன. அவற்றைத் தடுத்துக் காட்டை வளர்க்க எழுப்பிய கம்பிவேலிகளிலேயே தாழப் பறந்த இப்பறவைகள் மோதி மாண்டன. காட்டுக்கு இட்ட காவலே காட்டின் பறவைக்குக் கூற்றாயிற்று! பின்னர், பல வேலிகள் அகற்றப்பட்டன. எஞ்சியவற்றிற் சில, பறவையின் கண்ணுக்குப் புலப்படுமாறு மரச்சட்டங்களால் அடையாளமிடப்பட்டன.

இழந்த பறவையைக் கடல் கடந்து கொணர்தல் எளிது. அது குஞ்சு பொரித்து வாழத்தக்க காட்டை ஆக்குவதற்கோ தலைமுறைகள் வேண்டும். இப்புவி இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைக் காப்போர் வானளாவிய மரத்தை எண்ணுவதோடு அமையாது, அதன் நிழலில் நிற்கும் சிறு செடியையும் எண்ணுதல் வேண்டும்.