உரத்துப் பேசும் ரவுட்டர்

மட்டக்களப்பு வாவியின் கீழ்த்திசைக் கரையை எழுவான்கரை என்றும், மேற்றிசைக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்விரு கரைகளிலும் இணையமே வகுப்பறையாயிற்று. அலை எட்டாத இடத்திலிருந்த பிள்ளைக்குப் பாடமும் எட்டவில்லை. முன்னறையிலுள்ள ரவுட்டரின் அலை பின்வளவுக்கு வாராதபோது, அதன் ஆற்றலை உயர்த்தினால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

ரவுட்டர் என்பது சிறியதொரு வானொலி நிலையம். பேசுதல், கேட்டல் ஆகிய இரு தொழிலையும் அது செய்கின்றது. அதனுள் நிலையாகப் பதிந்துள்ள கட்டளைத் தொகுதியை நிலைபொருள் என்பர். 2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த ‘டபிள்யூ. ஆர். டி. 54 ஜி’ என்னும் ரவுட்டர், யாவருக்கும் பொதுவான லினக்ஸ் மென்பொருளால் இயங்கிற்று. அம்மென்பொருளின் உரிம விதிக்கிணங்க 2003இல் அதன் மூலநிரல் வெளியாயிற்று. அதனை அடியாகக் கொண்டு 2004இல் ‘ஓப்பன் டபிள்யூ. ஆர். டி.’ என்னும் மாற்று நிலைபொருள் தோன்றியது. இத்தகைய நிலைபொருள்களால், தயாரித்தோர் மூடிவைத்த பல அமைப்புகள் பாவனையாளரின் கைக்கு வந்தன. அலைபரப்பும் ஆற்றலும் அவற்றுள் ஒன்று.

இவ்வாற்றலை டெசிபெல் கணக்கில் குறிப்பர். 20 என்பது 100 மில்லிவாற்று. 23 என்பது 200 மில்லிவாற்று. மூன்று கூடினால் ஆற்றல் இருமடங்காகும். ஆயின் தொலைவு இருமடங்காகாது. வெட்டவெளியிலேயே தொலைவை இரட்டிக்க ஆற்றல் நான்மடங்காதல் வேண்டும். சுவரும் ஈரமான இலைகளும் குறுக்கிடின் அதுவும் போதாது.

இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. இணையம் ஒருவழிப் பேச்சன்று. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும், பெற்றுக்கொண்டேன் என்று கைத்தொலைபேசி மறுமொழி தருதல் வேண்டும். கைத்தொலைபேசியின் குரலோ மெலிந்தது. ஒரு கரையில் நிற்பவன் ஒலிபெருக்கி வைத்து முழங்கினும், மறுகரையில் நிற்பவன் மெல்லப் பேசினால் உரையாடல் நிகழாது. திரையில் அலைக்குறி நிறைந்து தோன்றியும் பாடம் நின்று நின்று வருவதற்கு இஃது ஒரு காரணம்.

அளவுக்கு மேல் உயர்த்தினால் கருவி சூடேறும். அலையின் வடிவம் திரிந்து செய்தியிற் பிழை மலியும். அயல்வீட்டாரின் இணைப்பும் இடையூறுறும். நிலைபொருளில் நாட்டின் பெயரைத் தெரிவுசெய்யுமிடம் அமைந்திருப்பது அந்தந்த நாட்டின் ஆற்றல் எல்லையைக் காத்தற்பொருட்டேயாம். வேற்று நாட்டின் பெயரைத் தெரிந்து அவ்வெல்லையை மீறுதல் முறையன்று. இலங்கையில் இத்துறையை மேற்பார்ப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. மேலும், பொருந்தாத நிலைபொருளை ஏற்றினால் ரவுட்டர் முற்றிலும் செயலிழத்தலும் கூடும்.

ஆயின் வழி யாது? மீன்பாடும் தேன்நாடு என்று புகழ்பெற்ற மட்டக்களப்பிலேயே அதற்கு விடையுண்டு. நிறைநிலா இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதிற் பொருத்தி அவ்வொலியைக் கேட்பது பழைய வழக்கம். மீனை உரக்கப் பாடுமாறு எவரும் கேட்பதில்லை. கேட்கும் வகையையே திருத்துகின்றனர். ரவுட்டருக்கு அத்துடுப்பாக அமைவது நல்ல அன்டெனா. அது சொல்லும் குரலையும் கூர்மையாக்கும். கேட்கும் செவியையும் கூர்மையாக்கும். ஆயினும் அன்டெனா ஒரு திசையிற் குவிக்கும் அலையும் ஆற்றல் எல்லைக்குள் அடங்குதல் வேண்டும்.

உயரமும் இன்றியமையாதது. 1 கிலோமீற்றர் நீர்ப்பரப்பைக் கடந்து 2.4 கிகாஹேட்சு அலையைச் செலுத்துங்கால், நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 5.5 மீற்றர் வெளி தடையின்றி இருத்தல் நன்று. தாழ வைத்தால் கண்டற் செடிகள் மறைக்கும். நீரிற் பட்டுத் தெறிக்கும் அலையும் நேரலையைக் குலைக்கும்.

எனவே, முதலில் ரவுட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில், இரும்பு அலுமாரிக்கு அப்பால் வைக்க. அடுத்து, அயலார் மிகுதியாகப் பயன்படுத்தாத அலைத்தடத்தைத் தெரிக. பின்வளவுக்கு இன்னும் எட்டாவிடின் கம்பி வழியாக இன்னொரு ரவுட்டரை அங்கே நிறுவுக. பிள்ளையின் மெல்லிய மறுமொழியைக் கேட்க வல்ல செவி அருகில் இருந்தால், உரத்துப் பேசும் தேவையே எழாது.