அரபுத் தமிழும் சமயக் கல்வியும்

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வடக்கே காவிரியைக் கடப்பின் திருவரங்கம்; தெற்கே நகருக்குட் செல்லின் நத்தர்வலி தர்காவும், அதற்கப்பால் 1951-இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியும் உள. சமய மொழி ஒன்றாகவும் தாய்மொழி வேறாகவும் உடையார்க்குச் சமயக் கல்வி புகட்டுமாறு எங்ஙனம் என்னும் வினாவிற்கு வைணவரும் முசுலிம்களும் வெவ்வேறு விடை கண்டனர். திருவரங்கத்து ஆசாரியர்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டினராய வடக்குத் திருவீதிப் பிள்ளையின் ஈடு முதலிய உரைகளில், வடசொற்களைக் கிரந்த எழுத்தாற் குறித்துத் தமிழோடு விரவினர். தமிழ் முசுலிம்களோ, சிறப்பாகக் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரையூரினர், தமிழையே அரபு எழுத்தில் எழுதினர். அதுவே அரபுத் தமிழ். அதன் இயல்பையும், இன்று மேலை நாடுகளில் வாழும் தமிழ் முசுலிம் சிறார்தம் கல்விக்கு அது பயன்படுமாற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

அரபு எழுத்துக்கள் 28. அவற்றின் ஒலிகளுட் பல தமிழ் நெடுங்கணக்கில் இல்லை. இதயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லும் நாயைக் குறிக்கும் அரபுச் சொல்லும் தமிழில் எழுதுங்கால் 'கல்பு' என்று ஒன்றாகவே நிற்கும். முன்னதன் முதலெழுத்து அடிநா உள்நாக்கைப் பொருந்தப் பிறப்பது. பின்னதன் முதலெழுத்து நம் ககரத்தை ஒப்பது. அவ்வெழுத்துக்களின் பெயர்களுங்கூடத் தமிழில் 'காஃப்' என ஒன்றாகிவிடுதல் நகைப்பிற்குரியதே எனினும், இறைமறையை ஓதுவார்க்கு இது விளையாட்டன்று.

அரபு எழுத்திலும் குறையுண்டு. டகரம், பகரம், றகரம், ளகரம் ஆகியவற்றிற்கும், எகர ஒகர உயிர்களுக்கும் அதில் இடமில்லை. ஆதலின் ஆலிம்கள் உள்ள எழுத்துக்களுக்கே புள்ளி கூட்டியும் புதிய உயிர்க்குறிகள் அமைத்தும் அக்குறையை நிரப்பினர். 'தால்' எழுத்தின் கீழ்ப் புள்ளியிட டகரமாயிற்று. 'ளாத்' எழுத்தின் கீழ்ப் புள்ளியிட ளகரமாயிற்று. ரமலான், ரமளான், ரமழான் என ஒரு மாதத்தின் பெயரை இன்றும் மூவகையாக எழுதுகின்றோம். அரபுத் தமிழ் கற்றவர்க்கு இவ்வையம் எழாது.

இம்முறையின் சிறப்பு யாதெனின், மறையோதுதற்குக் குழந்தை கற்ற எழுத்தே அதன் தாய்மொழியிற் சமய விளக்கம் படித்தற்கும் உதவியமையாம். தமிழ் எழுத்தறியாத பெண்டிர் பலர் அரபுத் தமிழ் நூல்களை வீட்டிலிருந்தே படித்தனர். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபியிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் இயற்றித் தமிழகத்தும் இலங்கையிலும் பயில வைத்தார். எழுத்து அரபாயினும் பொருள் விளக்கியது தமிழே. உருது பேசுவோர் நமாஸ், ரோஜா என்பவற்றைத் தமிழ் முசுலிம்கள் தொழுகை, நோன்பு என்றே வழங்குதல் காண்க.

இலண்டனிலும் பாரிசிலும் வளரும் தமிழ்ச் சிறாரின் நிலை வேறு. பிரித்தானியப் பள்ளிவாசல்கள் பலவற்றின் மாலை வகுப்புக்களில் நெடுங்காலம் உருதுவே பயிற்று மொழியாக இருந்தது. பின்னர் ஆங்கிலம் மிகுந்தது. ஆங்கில எழுத்தில் அரபுத் தொடர்களை எழுதி ஓதும் வழக்கமும் பரவியுள்ளது. மேற்கூறிய இரு சொற்களையும் அவ்வெழுத்து ஒருவாறு வேறுபடுத்துமெனினும், அந்நாட்டுக் குழந்தை அவ்விரண்டையும் ஒரே ஒலியாகவே கூறும். ஆகவே ஒலிக்கு அரபு எழுத்தையே முதலிற் கற்பித்தல் வேண்டும். பொருளைக் குழந்தை வீட்டிற் பேசும் மொழியில் உரைத்தல் வேண்டும். அரபுத் தமிழ் முழுவதையும் அங்கே உயிர்ப்பித்தல் கூடுமென நாம் கருதவில்லை. தமிழ் பேசும் இல்லங்களிலேனும் பொருள் தமிழில் வழங்கல் இயலும்; தாய்மொழியின் இடத்தில் மூன்றாம் மொழியொன்றை வைத்தலால் சிறார்க்கு இருமடங்கு சுமையே விளையும்.

ஈண்டு நம் துறையினர்க்கும் ஒரு கடன் உண்டு. தமிழ் கற்றார் அரபு எழுத்தறியார். அரபு கற்றாருட் பலர் தமிழ் யாப்பும் இலக்கணமும் பயிலாதவர். இருவர்க்கும் இடையே அரபுத் தமிழ்ச் சுவடிகள் வீடுகளிற் செல்லரித்து வருகின்றன. திருவரங்கத்து உரைகளைக் கற்கக் கிரந்தம் பயிலும் தமிழ் ஆய்வு மாணவர், அவ்வாறே அரபு நெடுங்கணக்கையும் கூட்டெழுத்துக்களையும் ஒரு பருவத்திற் பயின்று கொள்ளலாகும். சத்திரத்திலிருந்து நகரப் பேருந்திற் செல்லும் தொலைவிலேயே அரபு பயிற்றும் கல்லூரி இருக்கின்றது.