மறுமலர்ச்சிக்கால ஆங்கில நாடகமும் சட்டமும்

ஆங்கில மறுமலர்ச்சிக்கால நாடகம் என்பது, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1642இல் நாடக அரங்குகள் மூடப்படும் வரை இங்கிலாந்தில் எழுதி நடிக்கப்பட்ட நாடகங்களைக் குறிக்கும். இவற்றுள் வழக்கு, உயில், கடன் பத்திரம், வாரிசுரிமை ஆகியவை அடிக்கடி வருகின்றன. இதற்குக் காரணம் உண்டு. லண்டனில் சட்டம் பயின்ற மாணவர்கள் நாடகம் பார்ப்பதில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்தனர். அவர்கள் தங்கிப் படித்த 'இன்ஸ் ஆஃப் கோர்ட்' எனப்படும் சட்டக் கழகங்களிலேயே நாடகங்கள் நடந்தன. ஆங்கிலத்தின் முதல் செய்யுள் துன்பியல் நாடகங்களுள் ஒன்றான 'கார்போடக்' இன்னர் டெம்பிளைச் சேர்ந்த இருவர் எழுதியது. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' 1602 பிப்ரவரி 2 அன்று மிடில் டெம்பிளில் நடிக்கப்பட்டது.

சட்டம் என்றால் பலருக்கும் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகமே நினைவுக்கு வரும். ஆனால் 'ஹாம்லெட்' நாடகத்தில் கல்லறைக் குழி தோண்டும் இருவரின் பேச்சை மாணவர்கள் வெறும் வேடிக்கை என்று கடந்துவிடுகிறார்கள். அதன் பின்னால் ஓர் உண்மை வழக்கு உள்ளது.

சர் ஜேம்ஸ் ஹேல்ஸ் ஒரு நீதிபதி. மேரி அரசியின் ஆட்சியில் சிறையில் அடைக்கப்பட்டு, விடுதலையான பின் 1554இல் நீரில் மூழ்கி இறந்தார். மரண விசாரணையில் அது தற்கொலை என்று முடிவாயிற்று. அக்காலச் சட்டப்படி தற்கொலை ஒரு குற்றம். இறந்தவரின் அசையும் பொருள்களும் குத்தகை உரிமைகளும் அரசுக்குச் சேர்ந்துவிடும். கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருந்த குத்தகை நிலத்தை அரசு எடுத்து, பெட்டிட் என்பவருக்கு வழங்கியது. மனைவி மார்கரெட் வழக்குத் தொடுத்தார்.

கேள்வி இதுதான்: குற்றம் எப்போது நிறைவடைந்தது? உயிரோடு இருக்கும்வரை அவர் தற்கொலைக் குற்றவாளி அல்லர். இறந்த அந்தக் கணமே நிலம் மனைவிக்கு உரியதாகிவிட்டது என்றது மார்கரெட் தரப்பு. ஒரு செயலுக்கு எண்ணம், உறுதி, நிறைவேற்றம் என மூன்று பகுதிகள் உண்டு என்றெல்லாம் வாதம் நீண்டது. நீரில் குதித்த செயல் அவர் உயிரோடு இருந்தபோதே நடந்தது என்று நீதிமன்றம் கூறியது. மார்கரெட் தோற்றார்.

ஹாம்லெட்டில் நீரில் மூழ்கி இறந்தவள் ஒஃபீலியா. மனிதன் நீரிடம் போனானா, நீர் மனிதனிடம் வந்ததா என்று குழி தோண்டுபவன் வாதிடுகிறான். செயலுக்கு மூன்று கிளைகள் உண்டு என்று சொல்லிவிட்டு, ஒரே பொருள் தரும் மூன்று சொற்களை அடுக்குகிறான்! வழக்கறிஞர் கூட்டம் சிரித்திருக்க வேண்டும். இவ்வழக்கு 1571இல் பிளௌடன் வெளியிட்ட தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. அது சட்டப் பிரெஞ்சு மொழியில் இருந்ததால், ஷேக்ஸ்பியர் நூலைப் படித்தாரா, கேள்விப்பட்டாரா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை.

சிரிப்புக்கு நடுவே மற்றொருவன் சொல்வது கசப்பானது: இவள் உயர்குடிப் பெண்ணாக இராவிட்டால் கிறித்தவ முறை அடக்கம் கிடைத்திருக்காது. குழி தோண்டுபவனும் அதை ஒப்புக்கொள்கிறான்.

தற்கொலைக்காகச் சொத்தைப் பறிக்கும் அந்தச் சட்டம் இங்கிலாந்தில் 1870இல்தான் நீக்கப்பட்டது.